டேங்கை மூடாமல் இணைப்பு முடியாது

கேள்வி: ஐயா, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட தென்பகுதி ஒன்றில் எங்கள் வீடு. அரை கிரவுண்டு மனை, முப்பதுக்கு நாற்பது. 1999-இல் மாமனார் கட்டியது. கீழே நானும் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிறோம். மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு. கணவருக்கு வெளியூரில் வேலை. செப்டிக் டேங்க் போர்டிகோவுக்கு அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் நிரம்பி வழிகிறது. இப்போதெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாரி கூப்பிட வேண்டியிருக்கிறது. தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் இணைப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், "டேங்க் அப்படியே இருக்கட்டும், அதுல இருந்து வழியுற தண்ணியை மட்டும் சாக்கடையில விட்டுட்டா போதும்" என்கிறார். கொத்தனாரோ, "ஆளை இறக்கிச் சுத்தமா கழுவிக் கொடுத்துடறேன், நல்ல தண்ணி சம்ப்பா வெச்சுக்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இணைப்பு வாங்காமலே இருந்துவிட முடியாதா? செலவில் வாடகைக்காரரிடம் பங்கு கேட்கலாமா?

– ஒரு வாசகி, சென்னை

பதில்: அம்மா, கொத்தனார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற விஷயங்களில் தவறு நடந்தால் பணம்தான் போகும். இதில் உயிர் போகும்.

உங்கள் வீட்டு டேங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது. கூலிக்கு வருபவரும் கூடாது, கொத்தனாரும் கூடாது, "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று சொல்லும் சொந்தக்காரப் பையனும் கூடாது. உள்ளே தேங்கிக் கிடக்கும் மலச்சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது. அது காற்றைவிடக் கனமானது, அடியிலேயே படுத்திருக்கும். குறைந்த அளவில் இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்ப வாடை இல்ல, எறங்கலாம்" என்று ஒருவர் சொல்லும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரமாகவும் இருக்கலாம். நான்கு நாள் மூடியைத் திறந்து வைத்தால் காற்று போய்விடும் என்பார்கள். மேலே நிற்கும் காற்று போகும். சேற்றில் காலை வைத்துக் கிளறியதும் அதற்குள் அடைந்திருந்தது மொத்தமாகக் கிளம்பும். முதல் ஆள் விழுந்ததும் அவரைத் தூக்க இரண்டாவது ஆள் குதிப்பார். செய்தித்தாளில் இப்படிப்பட்ட சாவுகள் பெரும்பாலும் இரண்டு மூன்றாக வருவதற்குக் காரணம் இதுதான்.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாமல் டேங்கில் ஆளை இறக்குபவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஒப்பந்ததாரர் மட்டும் மாட்டுவார், வீட்டுக்காரர் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு அமர்த்துபவர் எவராக இருந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதையெல்லாம் கொத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். டேங்கைக் காலி செய்யக் குழாய் போட்டு உறிஞ்சும் லாரிதான் வர வேண்டும். 14420 என்ற எண்ணுக்கு அழைத்தால் முறையான வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

இனி சம்ப். வேண்டாம். இருபத்தைந்து வருடம் மலநீர் ஊறிய செங்கல் சுவர் அது. பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினாலும், டைல்ஸே ஒட்டினாலும், சுவருக்குள் ஊறியது ஊறியதுதான். உங்கள் டேங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. மழைக்காலத்தில் நிரம்பி வழிகிறது என்றும், ஆறு மாதத்துக்கு ஒரு லாரி என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு குடும்பம் புழங்கும் ஒழுங்கான டேங்கில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு எடுத்தால் போதும். ஆறு மாதத்தில் நிரம்புகிறது என்றால் டேங்கிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி அடைத்துப் போயிருக்க வேண்டும், அல்லது சுவர் விரிசலில் நிலத்தடி நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அனேகமாக இரண்டும்தான். மழையில் உள்ளே வரும் வழி, கோடையில் வெளியே போகும் வழியாகவும் இருக்கும். லாரிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மழைத்தண்ணீரை அள்ளிக்கொண்டு போவதற்கான கூலி. கோடையில் டேங்கிலிருந்து கசிவதை உங்கள் போர் தண்ணீரோ பக்கத்து வீட்டுக் கிணறோ வாங்கிக்கொள்கிறது.

இணைப்பு வாங்காமலே இருக்க முடியாதா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் மனை முப்பதுக்கு நாற்பது. மூலைக்கு மூலை அளந்தால்கூட ஐம்பது அடிதான். அந்த மனையில் எந்த மூலையில் கிணறும் எந்த மூலையில் குழியும் தோண்டினாலும் விதி நிறைவேறாது. அக்கம்பக்கத்தில் எல்லாமே அரை கிரவுண்டு மனைகள் என்றால், தெருவே ஒருவர் கழிவை ஒருவர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தனித்தனி பங்களாக்கள் தோப்புகளுக்கு நடுவே இருந்த காலத்துக்கு செப்டிக் டேங்க் நல்ல ஏற்பாடு. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி, 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 ஆக விரிந்தபோது, அந்த ஏற்பாட்டோடு லட்சக்கணக்கானவர்கள் உள்ளே வந்தார்கள். வழிகிற நீரை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்ட வீடுகள் எத்தனை என்று தென்சென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று பள்ளிக்கரணை. 2022 முதல் அது சர்வதேசப் பாதுகாப்புக்குரிய ராம்சார் சதுப்பு நிலம். ஆகவே நோட்டீஸை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

"பணத்தைக் கட்டிட்டு, அப்புறம் ஒண்ணும் வேலை செய்யாம போச்சுன்னா?" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி அதைத்தான் கேட்கின்றன. உங்களுக்கு அக்கம்பக்கத்திலேயே ஒரு பதில் உண்டு. ஆலந்தூரில் 1990-களின் கடைசி வரை வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அப்போது நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி தெருத்தெருவாகப் போய்ப் பேசி, ஒரு குழாய்கூடப் பதிக்காத நிலையிலேயே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கினார். ஜனங்கள் கொடுத்தார்கள், திட்டமும் நடந்தது. முன்பணம் கட்டிய வீட்டுக்காரர்கள் வேலை நடக்கும்போது வாசலில் நின்று கேள்வி கேட்டதும் அது ஒழுங்காக முடிந்ததற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். நீங்களும் வாசலில் நின்று கேளுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணனின் யோசனை முழு முட்டாள்தனம் இல்லை. டேங்கை வைத்துக்கொண்டு, கசடு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் சிறிய குழாய்களில் கொண்டுபோகும் முறை உலகில் பல ஊர்களில் உண்டு. ஆனால் அங்கே தெருக்குழாயே அதற்காகத் திட்டமிட்டுப் போடப்பட்டது. டேங்குகளில் சேறு எடுப்பதும் அந்த ஊர் நிர்வாகத்தின் பொறுப்பு. உங்கள் தெருவில் போட்டிருப்பது கழிவு அப்படியே ஓடுவதற்கான வழக்கமான குழாய். அதில் டேங்க் வழியாகப் போனால் உங்களுக்கு எந்த லாபமும் கிடையாது. லாரி கூப்பிடுவது தொடரும், போர்டிகோவுக்கு அடியில் வாயு தொடரும், மழைநீர் உள்ளே ஏறுவது தொடரும். இப்போது அந்த மழைநீரும் சாக்கடைக்குள் போய் மொத்தத் தெருவையும் நிரப்பும். டேங்கில் பல நாள் காற்றில்லாமல் புளித்த நீர் மேன்ஹோலில் விழும்போது சல்பைடு வாயுவைக் கக்கும். அது ஈரச் சுவரில் அமிலமாகிக் கான்கிரீட்டை அரிக்கும். டேங்கைத் தாண்டி நேராகப் போங்கள்.

எல்லோரும் கட்டணத்தைப் பற்றியும் குழாயின் விலையைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். மட்டத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. உங்கள் வீடு கட்டும்போது ரோட்டைவிட இரண்டு மூன்றடி உயரமாக இருந்திருக்கும். இப்போது வாசலில் எத்தனை படி இருக்கிறது? ஒன்றா? ரோட்டிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறதா? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். அதற்கு முந்தைய இருபது வருடத்தில் ஏறிய உயரம் ஏறினதுதான்.

இதற்கும் கழிவறைக்கும் என்ன சம்பந்தம் என்றால், தெருக்குழாயில் அடைப்பு வந்தாலோ நீரேற்று நிலையத்தில் மோட்டார் நின்றாலோ கழிவுநீர் மேன்ஹோலில் ஏறும். மூடிவரை ஏறி ரோட்டில் வழியும். ஆனால் அந்த மூடியைவிடத் தாழ்ந்த திறப்பு உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், ரோட்டில் வழிவதற்கு முன்பே உங்கள் குளியலறையில் வழியும். கீழ்வீட்டுக் குளியலறைத் தரைச் சல்லடைதான் பெரும்பாலும் முதல் பலி. மாமியார் அறையை ஒட்டி ஒரு குளியலறை இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஆகவே முதல் வேலையாக, ஒரு காசும் செலவு செய்வதற்கு முன், கொத்தனாரை டியூப் லெவல் கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பிய அந்தச் சாதாரண பிளாஸ்டிக் குழாய் போதும். வாசலுக்கு எதிரே உள்ள மேன்ஹோல் மூடியின் மட்டத்தையும், கீழ்வீட்டுக் குளியலறைத் தரை மட்டத்தையும் ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தரை அரை அடியாவது உயரமாக இருந்தால் நிம்மதி. சமமாகவோ தாழ்வாகவோ இருந்தால் கீழ்வீட்டு லைனில் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வைத்தே ஆக வேண்டும். கழிவுநீருக்கென்று தனியாக விற்கும், மேலே திறந்து சுத்தம் செய்யும் மூடியுள்ள வால்வு. தண்ணீர் மோட்டாருக்குப் போடும் வால்வை வைத்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வால்வை வைக்கும் இடத்தில் பத்துக்கு எட்டு பிளம்பர்கள் சறுக்குகிறார்கள். மாடி லைனும் கீழ்வீட்டு லைனும் சேர்ந்தபின் கடைசியில் வாசலருகே ஒரே வால்வாக வைத்துவிடுவார்கள். தெரு நிரம்பும்போது வால்வு மூடிக்கொள்ளும், சரி. அப்போது மாடியில் ஒருவர் பிளஷ் செய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வெளியே போக வழியில்லை. கீழ்வீட்டில்தான் வந்து நிற்கும். தெருக் கழிவைத் தடுத்துவிட்டு மாடிக் கழிவை வரவேற்ற கதையாகிவிடும். எனவே வால்வு கீழ்வீட்டுக் கிளையில் மட்டும் இருக்க வேண்டும். மாடிக் குழாய் அந்த வால்வைத் தாண்டி, தெருப் பக்கமுள்ள சேம்பரில், அதாவது குழாய்கள் கூடும் மூடிபோட்ட சிறு தொட்டியில், வந்து சேர வேண்டும். இதைத் தாளில் படமாக வரைந்து பிளம்பரிடம் காட்டி, "இப்படித்தானே?" என்று கேட்டு, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டபிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் கீழ்வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்த முடியாது என்பதையும் மாமியாரிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்தது வாட்டம். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்க்கு அறுபது அடி ஓட்டத்துக்கு ஒரு அடி இறக்கம் என்பது ஏறத்தாழக் குறைந்தபட்சம். நாற்பதுக்கு ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் மனையில் பின்பக்கக் கழிவறையிலிருந்து வாசல்வரை நாற்பது அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு அடி இறக்கம் தாராளமாகக் கிடைக்கும். மூலை திரும்பும் இடத்தில் தொண்ணூறு டிகிரி எல்போ போட விடாதீர்கள். நாற்பத்தைந்து டிகிரி வளைவு இரண்டு போடட்டும், அல்லது அங்கே ஒரு சேம்பர் கட்டட்டும். சேம்பரின் அடித்தளத்தைச் சட்டிபோல் தட்டையாக விட்டால் மலம் அங்கேயே தங்கிக் காய்ந்து, குட்டி செப்டிக் டேங்க் ஒன்று உருவாகிவிடும். குழாயின் கீழ்ப்பாதி சேம்பருக்குள்ளும் தொடர்வதுபோல அரைவட்ட வாய்க்கால் வைத்து, இரு பக்கமும் சரிவாக சிமென்ட் பூசி வழுவழுப்பாக இழைக்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். கொத்தனார் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். மண் மூடுவதற்கு முன் மாடியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லி, நீங்களே ஒவ்வொரு சேம்பராகத் திறந்து பாருங்கள். தண்ணீர் தயங்காமல் ஓடி, பின்னால் குட்டை நிற்காமல் இருக்க வேண்டும்.

டேங்கின் மேல் ஒரு காற்றுக்குழாய் நின்றுகொண்டிருக்கும். டேங்கை எடுக்கும்போது அதையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாகப் புதிய லைனின் தொடக்கத்தில் ஒரு காற்றுக்குழாய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே போயாக வேண்டும். அது இல்லாவிட்டால், மாடியில் பிளஷ் செய்யும்போதெல்லாம் கீழ்வீட்டு டிராப்பில், அதாவது வாடையைத் தடுக்கும் வளைவில், நிற்கும் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். டிராப் காய்ந்ததும் சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் நேராக வீட்டுக்குள். "இணைப்பு வாங்கினதிலிருந்து வீடே நாறுது" என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் மொட்டைமாடியைத்தான் பார்ப்பேன்.

எந்தத் தண்ணீர் போக வேண்டும், எது கூடாது? கழிவறை, குளியலறை, சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் போகலாம். குளியல் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கழிவறையை மட்டும் இணைக்காதீர்கள். மலத்தைத் தள்ளிக்கொண்டு போக ஓட்டம் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் சிறு தொட்டி ஒன்று இடையில் இருந்தால் நல்லது. மொட்டைமாடி மழைநீரும் முற்றத்துத் தண்ணீரும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அது நிலத்துக்குள் போகட்டும். தெரு நெடுக மாடித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, நவம்பரில் மேன்ஹோல் பொங்குகிறது என்று குடிநீர் வாரியத்துக்குப் போன் செய்வதில் நியாயமில்லை. குளியல், சமையல் கழிவுநீர் வந்து விழ முற்றத்தில் வைக்கும் கல்லி டிராப்பின் விளிம்பு தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்திருக்கட்டும். ஆனால் குளியலறைத் தரையைவிடத் தாழ்வாகவே இருக்கட்டும். என்றாவது பொங்கினால் வீட்டுக்குள் பொங்காமல் முற்றத்தில் பொங்கும்.

இப்போது வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்வி. "லைன் ஓட ஆரம்பிச்சாச்சா?" குழாய் பதித்திருப்பது வேறு, அது ஓடுவது வேறு. நீரேற்று நிலையம் இயங்கி, அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம்வரை பாதை திறந்திருந்தால்தான் அது சாக்கடை. அதுவரை அது மண்ணுக்கடியில் கிடக்கும் நீளமான தொட்டி. ஆர்வக்கோளாறில் முன்கூட்டியே இணைத்துக்கொண்டவர்களின் கழிவு அந்தத் தொட்டியில் நிரம்பி, தெருவிலேயே தாழ்வான வீட்டு வாசலில் வெளியே வரும். உங்களுக்கு நோட்டீஸ் வந்திருப்பதால் பெரும்பாலும் ஓடத் தொடங்கியிருக்கும். இருந்தாலும் பகுதிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாசல் சேம்பரிலிருந்து தெரு மேன்ஹோல்வரை உள்ள வேலையை வாரியத்தின் ஆட்கள்தான் செய்ய வேண்டும். "நானே ராத்திரியில ரோட்டை வெட்டிப் போட்டுடறேன்" என்று எந்த பிளம்பராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். மேன்ஹோல் சுவரைத் தாறுமாறாக உடைத்துச் சொருகிய குழாய், அடுத்த மழையில் அந்த ஓட்டை வழியாக மண்ணை உள்ளே இழுக்கும். பிறகு ரோடு உள்வாங்கும்.

வேலையின் வரிசை முக்கியம், ஏனென்றால் இரண்டு குடும்பத்துக்கும் கழிவறை வேண்டும். டேங்க் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கட்டும். அதன் பக்கத்திலேயே புதிய லைனை வாசல் சேம்பர்வரை முழுதாகப் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்த்து முடித்துவிடுங்கள். வாரியம் தெருப்பக்க இணைப்பைக் கொடுத்தபிறகு, ஒரு நாள் காலையில் பழைய குழாயை வெட்டிப் புதியதில் சேர்த்தால் அரை நாளில் ஆகிவிடும். லாரியை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். முதலிலேயே டேங்கைக் காலி செய்துவிட்டு இணைப்புக்காகக் காத்திருந்தால், இணைப்பு வருவதற்குள் டேங்க் மறுபடி நிரம்பியிருக்கும். லாரிக்கு இரண்டாவது முறையும் பணம் போகும்.

லாரி எடுப்பதையும் மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். அப்போது டேங்கைக் காலி செய்தால் வெளியே இருக்கும் தண்ணீர் சுவரைத் தள்ளும், அடித்தளத்தைத் தூக்கும். அதற்கு மேலே உங்கள் போர்டிகோ நிற்கிறது. பொங்கல் முடிந்து வைகாசிக்குள் முடிப்பதுபோலத் திட்டமிடுங்கள். வண்டி பதிவு பெற்றதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டாமல் ஏரிக்கரையில் கொட்டுபவர் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்பார். அடியில் சேறு கெட்டிப்பட்டிருந்தால் ஹோஸில் தண்ணீரைப் பீய்ச்சி மேலிருந்தே கலக்கி மறுபடி உறிஞ்ச வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் பீடி, தீக்குச்சி கொளுத்தக் கூடாது. மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

காலியான டேங்கை அப்படியே மூடிவைத்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. இருபத்தைந்து வருட ஸ்லாபின் அடிப்பக்கக் கம்பிகளை அந்த வாயு தின்றிருக்கும். அதன்மேல் இன்றைக்கு ஸ்கூட்டர் நிற்கும், நாளைக்குக் கார் நிற்கும், பிள்ளைகள் விளையாடும். மூடி ஸ்லாபை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். உடைப்பவர் ஸ்லாபின்மேல் நிற்காமல் ஓரத்தில், கெட்டி நிலத்தில் நின்று உடைக்கட்டும். போர்டிகோ தூண் டேங்க் சுவரின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். அப்படியிருந்தால் சுவரைத் தொடக் கூடாது. ஸ்லாபை எடுத்தபின் சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகத் தூவுங்கள். அடித்தளத்தில் இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டால் மழைநீர் தேங்காமல் வடியும். அதையும் மேலிருந்து நீளக் கடப்பாரையாலோ இயந்திரத்தாலோதான் செய்ய வேண்டும். முடியவில்லையென்றால் துளையே வேண்டாம், மணலுக்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. துளைக்காக ஒருவரை உள்ளே இறக்காதீர்கள். அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் மணலோ கிராவலோ ஒவ்வொரு அடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக விடுங்கள். மேலே உடனே டைல்ஸ் ஒட்ட வேண்டாம். ஒரு மழைக்காலம் போகட்டும், மண் இறங்கும் அளவுக்கு இறங்கட்டும், பிறகு தளம் போடுங்கள்.

அந்தக் குழியை மழைநீர் சேகரிப்புக் குழியாக்கலாமே என்று அடுத்து யாராவது வருவார்கள். உங்கள் போர் அறுபது அடிக்குள்தான் இருக்கிறது என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்துவிட்டோம். மழைநீருக்கு வேறு மூலையில் புதுக் குழி தோண்டிக்கொள்ளுங்கள்.

பணம். வாரியத்துக்குக் கட்டுவது கட்டடத்தின் வகையையும் அளவையும் பொறுத்து மாறும். இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் செலுத்தும் வசதியைச் சென்னைக் குடிநீர் வாரியம் தந்திருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். சொத்து வரி ரசீதையும் பத்திர நகலையும் தயாராக வைத்திருங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்க வேண்டாம். பெரிய செலவு காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறது: டைல்ஸ் உடைப்பது, சேம்பர், குழாய், டேங்கை நிரப்புவது. கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கும்போது கடைசியாகச் சொன்னதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பலர் அதை விட்டுவிட்டுக் குறைந்த தொகையாகச் சொல்வார்கள், டேங்க் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வாடகைக்காரரிடம் இந்தச் செலவில் பங்கு கேட்பது முறையில்லை. வீடு உங்களுடையது, அதன் மதிப்பு கூடுவதும் உங்களுக்குத்தான். இனி வரும் கழிவுநீர்க் கட்டணத்தை எப்படிப் பகிர்வது என்பதை அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது பேசிக்கொள்ளுங்கள். லைன் மாற்றும் நாளை மட்டும் ஒரு வாரம் முன்பே அவர்களிடம் சொல்லி, அன்று காலை ஏழு மணிக்குள் குளித்து முடிக்கச் சொல்லுங்கள்.